ஒரே கட்டளையில் நிறைய வேலை முடிந்தால் நிரல் வேகமாகத்தானே ஓட வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது: "ஒரு பல்லுறுப்புக்கோவையின் மதிப்பைக் கண்டுபிடிக்கச் செயலியில் தனிக் கட்டளையே இருந்தால் நிரல் சின்னதாகும், வேகமும் கூடும். அப்படியிருக்க, எளிய கட்டளைகள் போதும் என்று ரிஸ்க் (எளிய, குறைந்த கட்டளைகளே கொண்ட செயலி வகை) ஆட்கள் ஏன் முடிவு செய்தார்கள்? அவர்கள் சொன்னது சரி என்றால், மெமரியை நகலெடுக்க, போன்களில் இருக்கும் ரிஸ்க் வகையான ஏ.ஆர்.எம். இப்போது ஏன் தனிக் கட்டளை சேர்க்கிறது?"

நீங்கள் உதாரணமாகச் சொன்ன கட்டளை கற்பனை இல்லை. டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) நிறுவனம் 1977-ல் வெளியிட்ட வாக்ஸ்-11/780 கணினியில் அது நிஜமாகவே இருந்தது. பெயர் பாலி. (போலி என்று எழுதினால் முன்கூட்டியே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆகிவிடும், அதனால் பாலி.) கெழுக்கள் அடுக்கியிருக்கும் இடத்தின் முகவரி, கோவையின் படி, மாறியின் மதிப்பு மூன்றையும் கொடுத்தால் விடை ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் குட்டிச் சேமிப்பிடம்) வந்து நிற்கும். அதே கணினியில் வரிசைப் பட்டியலில் ஓர் உறுப்பைச் செருக ஒரு கட்டளை, எடுக்க ஒரு கட்டளை, சி.ஆர்.சி. பிழைச்சோதனைக்கு ஒன்று, எண்ணுக்குக் காற்புள்ளியும் பணக்குறியும் போட்டு அச்சுக்குத் தயார் செய்ய இன்னொன்று என்று மொத்தம் 300-க்கு மேல் கட்டளைகள் இருந்தன.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளை பெரியதா சிறியதா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. செய்யவேண்டிய வேலையைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும், கம்பைலருக்கா (நாம் எழுதும் நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) வன்பொருளுக்கா என்று பாருங்கள். தெரிந்தவரிடம் வேலையை விட்ட கட்டளைகள் பிழைத்தன. மற்றவை பெரும்பாலும் சுமையாக மாறின.

வாக்ஸை வடிவமைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அன்றைய கணக்கு வேறு, அவ்வளவுதான். மெமரி விலை அதிகம், அளவு குறைவு, வேகமும் குறைவு. நிரல் சின்னதாக இருந்தால் காசு மிச்சம். கூடவே மைக்ரோகோட் என்ற உத்தி கையில் இருந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் 1951-ல் முன்வைத்தது. செயலிக்குள்ளேயே இன்னொரு குட்டி நிரல் ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டளையையும் அது சின்னச் சின்னப் படிகளாக நடத்திக் கொடுக்கும். ஐ.பி.எம். 1964-ல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் சின்ன மாடலும் பெரிய மாடலும் ஒரே கட்டளைகளைப் புரிந்துகொண்டதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மைக்ரோகோட் இருந்த நினைவகம் பிரதான மெமரியைவிட நன்றாக வேகமானது. எனவே மெதுவான மெமரியிலிருந்து ஒரே ஒரு கட்டளையை எடுத்து வந்து, மீதி இருபது படிகளை வேகமான இடத்திலிருந்து ஓட்டுவது நல்ல பேரம். புதுக் கட்டளை வேண்டுமா, மைக்ரோகோடில் நாலு வரி சேர்த்தால் ஆச்சு. அப்படித்தான் பட்டியல் நீண்டது. வாக்ஸ்-11/780-ன் மைக்ரோகோட், வரிக்கு 96 பிட் வீதம் சுமார் 5,000 வரி.

பிறகு கேஷ் வந்தது. அடிக்கடி ஓடும் கட்டளைகள் தாமாகவே செயலிக்குப் பக்கத்தில், வேகமான நினைவகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. மைக்ரோகோடுக்கு மட்டும் இருந்த சலுகை இப்போது சாதாரண நிரலுக்கும் கிடைத்துவிட்டது. அதிலும், எந்த நிரல் ஓடுகிறதோ அதற்குத் தேவையான துண்டுகள் மட்டும் கேஷில் இருக்கும். மைக்ரோகோடில் எல்லோருக்கும் எல்லாமும் எப்போதும் இருந்தாக வேண்டும். ஐ.பி.எம்.மில் ஜான் காக் குழுவினர் 1975 வாக்கில் தொடங்கிய 801 திட்டம் இந்த வழியில்தான் யோசித்தது. 801 என்பது அவர்கள் வேலை செய்த கட்டடத்தின் எண்.

சரி, பெரிய கட்டளையால் லாபம் இல்லை என்றால்கூட நஷ்டம் ஏன் வர வேண்டும்? இதற்கு எனக்கு மிகப் பிடித்த சாட்சி வாக்ஸின் இன்டெக்ஸ் கட்டளை. ஓர் அணியின் (ஒரே வகை மதிப்புகளை மெமரியில் வரிசையாக அடுக்கிய பட்டியல்) உறுப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கிடுவது அதன் வேலை. சுட்டெண் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவில் இருக்கிறதா என்று சரிபார்க்கும். ஏற்கெனவே சேர்ந்த தொகையோடு கூட்டும். உறுப்பின் அளவால் பெருக்கும். ஐந்து உள்ளீடுகள், ஒரு வெளியீடு, ஒரே கட்டளை. டேவிட் பேட்டர்சனும் டேவிட் டிட்செலும் 1980-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனையைச் சொல்கிறார்கள். அதே கணினியில், இன்டெக்ஸுக்குப் பதிலாக ஒப்பிடு, தாவு, கூட்டு, பெருக்கு என்ற சாதாரணக் கட்டளைகளை வரிசையாக வைத்தபோது அதே வேலை 45 சதவீதம் வேகமாக முடிந்தது. அணியின் கீழ் எல்லை பூஜ்யம் என்று கம்பைலருக்குத் தெரிந்த இடங்களில் 60 சதவீதம்.

அந்த 60-தான் கவனிக்க வேண்டிய எண். இந்த அணி பூஜ்யத்தில் தொடங்குகிறது என்று நிரலைப் படித்த கம்பைலருக்குத் தெரியும். உறுப்பின் அளவு 4 பைட், எனவே பெருக்கவே வேண்டாம், இரண்டு பிட் நகர்த்தினால் போதும் என்பதும் தெரியும். மைக்ரோகோடுக்கு இதெல்லாம் தெரியாது. யார் எந்த எல்லையோடு வருவார்கள் என்று தெரியாததால் எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் செய்தாக வேண்டும். ஒரு தோசை போதும் என்று வருகிறவருக்கும் இலை போட்டு, பொரியல் கூட்டு எல்லாம் வைத்து, சாப்பாட்டுக்கான நேரத்தை எடுத்துக்கொள்கிற ஓட்டல் அது.

சாதாரணக் கட்டளைகளும் வாக்ஸில் சும்மா இல்லை. டெக்கின் எமரும் கிளார்க்கும் 1984-ல் அளந்து பார்த்தபோது 780-ல் ஒரு கட்டளைக்குச் சராசரியாக 10.6 சைக்கிள் (செயலியின் கடிகாரத் துடிப்பு) ஆனது. இன்னொரு கணக்கு: வாக்ஸ் கட்டளைகளில் 20 சதவீதம் மைக்ரோகோடில் 60 சதவீதத்தை அடைத்துக்கொண்டிருந்தன, நிரல்கள் ஓடும் நேரத்தில் அவற்றின் பங்கு 0.2 சதவீதம். இதைக் கண்டுபிடித்ததும் டெக் ஆட்கள்தான். மைக்ரோவாக்ஸ் சிப்பை 1980-களின் நடுவில் செய்தபோது அந்தக் கனமான கட்டளைகளில் பலவற்றைச் சிப்பிலிருந்து எடுத்து மென்பொருளுக்குத் தள்ளிவிட்டார்கள்.

வேகம் போகட்டும், பெரிய கட்டளைகளில் வடிவமைப்பாளரைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு: பாதியில் நின்றால் என்ன செய்வது? கூட்டல் மாதிரி சின்னக் கட்டளை என்றால் முடிந்தது அல்லது தொடங்கவே இல்லை, இரண்டில் ஒன்று. வாக்ஸின் சரம் நகர்த்தும் கட்டளை ஒரே மூச்சில் 65,535 பைட் வரை நகர்த்தும். நாற்பதாயிரமாவது பைட்டில், அது இருக்கும் பகுதி (பேஜ்) மெமரியில் இல்லை, வட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்றால்? முதலிலிருந்து ஆரம்பிக்கவும் முடியாது, மூலமும் சேரும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் பழைய தரவு ஏற்கெனவே அழிந்திருக்கும். எனவே எவ்வளவு நகர்த்தியாயிற்று என்ற கணக்கை ஆறு ரெஜிஸ்டர்களில் போட்டுவிட்டு, 'முதல் பகுதி முடிந்தது' என்று ஒரு கொடி பிட்டையும் உயர்த்திவிட்டு வெளியே போகும்; திரும்பி வந்ததும் அந்தக் கொடியைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். அழகான தீர்வுதான். ஆனால் இப்படி ஒவ்வொரு பெரிய கட்டளைக்கும் யோசித்து, சோதித்து, அடுத்த தலைமுறைச் செயலியில் அதே மாதிரி நடக்கிறதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். கட்டளைத் தொகுப்பில் ஒன்றைச் சேர்ப்பது சுலபம். அதை நம்பி ஒருவர் நிரல் எழுதிவிட்ட பிறகு எடுப்பதுதான் கஷ்டம்.

டெக் ஆட்களே 1991-ல் தங்கள் வாக்ஸ் 8700-ஐயும் ஏறக்குறைய அதே மாதிரி உள்ளமைப்பு கொண்ட மிப்ஸ் என்ற ரிஸ்க் கணினி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மிப்ஸ் சுமார் இரண்டு மடங்கு கட்டளைகளை ஓட்டியது. ஆனால் ஒரு கட்டளைக்கு வாக்ஸுக்கு ஆன சைக்கிள் சுமார் ஆறு மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மிப்ஸ் சராசரியாக 2.7 மடங்கு முன்னால். அடுத்த வருடம் டெக் தன் ஆல்ஃபா செயலியை வெளியிட்டது. அது முழுக்க ரிஸ்க்.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். வாக்ஸ் போனது சரி, அதே காலத்து இன்டெல் 8086-ன் வாரிசுகள் மட்டும் எப்படி இன்னும் உயிரோடு இருக்கின்றன? பணமும் விற்பனையும் காரணம் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாக்ஸில் ஒவ்வோர் உள்ளீடும் ரெஜிஸ்டரில் இருக்கலாம், மெமரியில் இருக்கலாம், அல்லது மெமரியில் இருக்கும் ஒரு முகவரி காட்டும் இன்னொரு இடத்தில் இருக்கலாம். முதல் உள்ளீட்டைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. எக்ஸ்86-ல், அதாவது 8086-ன் வழிவந்த செயலிகளில், ஒரு சாதாரணக் கட்டளைக்கு மெமரி உள்ளீடு ஒன்றுதான். மெமரிக்குள் முகவரி, அதற்குள் முகவரி என்ற கண்ணாமூச்சியும் இல்லை. அதனால் 1995-ல் வந்த பென்டியம் புரோ மாதிரி, வரும் கட்டளையை உள்ளே சில எளிய மைக்ரோ கட்டளைகளாக உடைத்து, அவற்றை வரிசை மாற்றி ஓட்டுவது சாத்தியமானது. சிஸ்க் (சிக்கலான கட்டளைகள் கொண்ட வகை) என்று ஒரே பெட்டியில் இரண்டையும் போடுவது தவறு. ஒன்றில் முடிச்சை அவிழ்க்கலாம், மற்றதில் கத்தரிதான்.

இலவசமாக அவிழவில்லை. எக்ஸ்86 கட்டளை 1 பைட்டும் இருக்கலாம், 15 பைட்டும் இருக்கலாம். ஒரே சைக்கிளில் ஆறு கட்டளைகளைப் பிரிக்க வேண்டும் என்றால் ஆறும் எங்கெங்கே தொடங்குகின்றன என்று முதலில் ஊகிக்க வேண்டும். அதனால்தான் பிரித்து முடித்த மைக்ரோ கட்டளைகளைச் சேமிக்கத் தனியாக ஒரு கேஷை இன்டெல் 2011-ன் சாண்டி பிரிட்ஜிலிருந்து வைத்திருக்கிறது. 64 பிட் ஏ.ஆர்.எம்.மில் எல்லாக் கட்டளையும் 4 பைட். ஆப்பிள் எம்1 2020-லேயே ஒரே சமயத்தில் எட்டைப் பிரித்தது. ஆனாலும் இன்றைய பெரிய செயலிகளில் இந்தக் கூடுதல் சுமை தாங்கக்கூடியது என்பதே என் எண்ணம். கைக்கடிகாரத்துக்குள் போகும் சிப்பில்தான் அது உறுத்தும்.

நம் ஊர் பொறியியல் கல்லூரிகளில் 8085 செயலிக் கிட்டைத் தட்டியவர்களுக்கு இது நினைவிருக்கும்: அதில் பெருக்கல் கட்டளையே கிடையாது, திரும்பத் திரும்பக் கூட்டித்தான் பெருக்க வேண்டும். அங்கிருந்து 8086-க்குப் போனால் பெருக்கலுக்கு ஒரே கட்டளை! ஆடம்பரமாக இருக்கும். அந்த ஒரே கட்டளை 16 பிட் எண்களுக்கு 118 முதல் 133 சைக்கிள் எடுக்கும் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. அதே மயக்கத்தில்தான் லூப் கட்டளையையும் விரும்பிப் பயன்படுத்தினேன். எண்ணியில் ஒன்றைக் குறை, பூஜ்யம் இல்லையென்றால் தாவு. இரண்டு வேலை ஒன்றில். இன்டெல் 486 செயலிக்கு வந்தபோது லூப் 7 சைக்கிள். குறைப்பதையும் தாவுவதையும் தனித்தனியாக எழுதினால் 4.

லூப்பின் கதையில் வேடிக்கையான நச்சுச் சுழல் ஒன்று இருக்கிறது. அது மெதுவானது என்பதால் கம்பைலர்கள் அதைத் தொடுவதில்லை. யாரும் தொடாததால் அதை வேகமாக்க யாருக்கும் ஆர்வம் இல்லை. எனவே இன்டெல் சிப்களில் மெதுவாகவே இருக்கிறது. பாஸ்கல் மொழியில் ஒன்றுக்குள் ஒன்றாக எழுதும் செயல்முறைகளுக்காக 80186-ல் வந்த என்டர் கட்டளைக்கும் இதே விதி. அதன் ஜோடியான லீவ் எளிமையானது என்பதால் இன்றும் ஓடுகிறது. லூப்பை இன்டெலின் போட்டியாளரான ஏ.எம்.டி. தன் கே6 வரிசையில் துணிந்து வேகமாக்கியது. விளைவு? விண்டோஸ் 95-ல் ஒரு பகுதி, லூப்பைப் பல லட்சம் தடவை ஓட்டி நேரம் பார்த்துச் செயலியின் வேகத்தைக் கணக்கிட்டது. கே6-2 செயலி 350 மெகாஹெர்ட்ஸைத் தொட்டதும், அளந்த நேரம் பூஜ்யமாகிப் பூஜ்யத்தால் வகுக்கப் போய், கணினி தொடங்கும்போதே படுத்துவிட்டது. ஒரு கட்டளை என்ன செய்யும் என்பது மட்டுமல்ல, எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதும் எங்கோ ஒருவருக்கு வாக்குறுதியாகிவிடுகிறது.

ரிஸ்க் ஆட்களும் தங்களுக்குத் தாங்களே குழி வெட்டிக்கொண்டார்கள். மிப்ஸில் தாவல் கட்டளைக்கு அடுத்து இருக்கும் கட்டளை, தாவினாலும் தாவாவிட்டாலும் ஓடும். ஏனென்றால் 1980-களின் ஐந்து கட்டப் பைப்லைனில் (ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கும் அமைப்பு), தாவ வேண்டும் என்று தெரிவதற்குள் அடுத்த கட்டளை உள்ளே வந்திருக்கும். அதை வீணாக்குவானேன், கம்பைலர் அங்கே உபயோகமாக எதையாவது வைக்கட்டும் என்று விட்டார்கள். அன்றைக்கு நல்ல யோசனை. பிறகு பைப்லைன் நீண்டது, ஒரே சைக்கிளில் நாலு கட்டளை உள்ளே வந்தது, தாவலை முன்கூட்டியே ஊகிக்கும் சுற்றுகள் வந்தன. அந்த ஓர் இடத்தால் இப்போது லாபம் எதுவும் இல்லை, சிக்கல் மட்டும் தங்கிவிட்டது. செயலியின் உள்ளமைப்பு ஒரு தலைமுறையில் மாறும். அதைக் கட்டளைத் தொகுப்பில் எழுதி வைத்தால் மாறாது. ஆல்ஃபாவும் ரிஸ்க்-வியும் இதைத் தொடவே இல்லை.

ஏ.ஆர்.எம். கதை இன்னும் சுவாரஸ்யம். ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்து 1985-ல் முதலில் ஓடிய சிப்பில், 16 ரெஜிஸ்டர்களில் எதையெல்லாம் வேண்டுமோ அதையெல்லாம் ஒரே கட்டளையில் மெமரியிலிருந்து நிரப்பலாம். ரிஸ்க் என்று பெயர் வைத்துவிட்டு இது என்ன என்று கேட்கலாம். அந்தச் சிப்பில் கேஷ் இல்லை. அன்றைய டிராம் மெமரியில் அடுத்தடுத்த இடங்களைத் தொடர்ந்து படித்தால் வேகம் கூடும். நான் வரிசையாகப் படிக்கப்போகிறேன் என்று வன்பொருளுக்கு முன்கூட்டியே சொல்லும் வழியாக அந்தக் கட்டளை இருந்தது. 2011-ல் 64 பிட் தொகுப்பை அறிவித்தபோது அதைத் தூக்கிவிட்டு, இரண்டு ரெஜிஸ்டர்களை மட்டும் நிரப்பும் கட்டளையை வைத்தார்கள். கேஷ் வந்தபின் பழைய லாபம் இல்லை. ஒன்றிலிருந்து பதினாறு வரை எத்தனை மெமரி அணுகல் வரும் என்று தெரியாத கட்டளையை வரிசை மாற்றி ஓட்டுவது தலைவலி. இரண்டு என்றால் சமாளிக்கலாம். கொள்கைப் பிடிவாதம் இல்லாத இந்த மாதிரி முடிவுகள்தான் எனக்குப் பிடிக்கும்.

ரிஸ்க்-வி எதிர்முனையில் தொடங்கியது. அதன் 32 பிட் அடிப்படைத் தொகுப்பில் 40 கட்டளைகள்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகள் ரிஸ்க்-வியில் கட்டப்பட்டவைதான். ஒரு பல்கலைக்கழகக் குழு முழுச் செயலியைக் கட்டி முடிக்க இந்த எளிமை பெரிய உதவி. ஆனால் அணியின் ஓர் உறுப்பை எடுக்க நகர்த்து, கூட்டு, படி என்று மூன்று கட்டளை எழுதியே சலித்துப்போய், நகர்த்திக் கூட்டும் கட்டளைகளை 2021-ல் நீட்டிப்பாகச் சேர்த்தார்கள். அது சரியான சேர்க்கை. இரண்டு பிட் நகர்த்திக் கூட்டுவதற்கு வன்பொருளில் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை.

செலவு என்று வரும்போது, பெயரில் கடினமாகத் தெரிவதும் சிலிக்கானில் கடினமாக இருப்பதும் வேறு வேறு. ஒரு 64 பிட் எண்ணில் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று எண்ணுவதற்கு மென்பொருளில் டஜன் கட்டளை வேண்டும்; வன்பொருளில் கூட்டல் சுற்றுகளின் சின்ன மரம் ஒன்று போதும். ஏ.இ.எஸ். குறியாக்கமும் அப்படித்தான். இன்டெல் 2010-ல் வெஸ்ட்மியர் செயலிகளில் கொண்டுவந்த கட்டளை, குறியாக்கத்தின் ஒரு சுற்றை முழுதாக முடிக்கும். 128 பிட் சாவிக்குப் பத்துச் சுற்று. இதில் வேகம் பாதி லாபம்தான். மென்பொருளில் அட்டவணை பார்த்துச் செய்தால் எந்த இடம் கேஷில் இருந்தது என்ற நேர வித்தியாசத்தை வைத்தே சாவியை ஊகிக்க முடியும். கட்டளையோ எந்தத் தரவுக்கும் ஒரே நேரம் எடுக்கும், மெமரி அட்டவணையைத் தொடுவதே இல்லை. எந்தக் கம்பைலராலும் தர முடியாத உத்தரவாதம் இது. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணை 32 பிட் முழு எண்ணாக மாற்ற ஏ.ஆர்.எம். ஒரு தனிக் கட்டளையே வைத்திருப்பதைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். ஏற்கெனவே இருக்கும் மாற்றும் சுற்றில் 32 பிட்டில் அடங்காத மதிப்பைக் கையாளும் விதம் மட்டும் கொஞ்சம் மாறுகிறது. உலகம் முழுக்க அது எத்தனை தடவை ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

கட்டளை இருப்பதால் மட்டும் அது வேகமாகிவிடாது என்பதற்கு பெக்ஸ்ட் நல்ல எச்சரிக்கை. ஒரு எண்ணிலிருந்து வேண்டிய பிட்களை மட்டும் பொறுக்கி ஓரமாக அடுக்கும் கட்டளை. சதுரங்க நிரல்கள் எழுதுபவர்களுக்கு வரப்பிரசாதம். இன்டெலின் ஹாஸ்வெல்லில் 3 சைக்கிள். ஏ.எம்.டி.யின் முதல் இரண்டு ஜென் தலைமுறைகளில் மைக்ரோகோடில் ஓடியதால் பல மடங்கு மெதுவு. ஒரே கட்டளை, ஒரே விடை, ஆனால் எந்தச் சிப் என்று பார்த்து நிரலின் தனிப் பதிப்பை இறக்க வேண்டியிருந்தது. 2020-ன் ஜென் 3-ல்தான் சரியானது.

இனி உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. மெமரியை நகலெடுக்க 8086 காலத்திலிருந்தே எக்ஸ்86-ல் ஒரு கட்டளை இருக்கிறது. நீண்ட காலம் அதைவிடக் கையால் எழுதிய சுழல்கள் வென்றன. அந்தச் சுழல்கள் பெருகிய விதத்தைப் பாருங்கள்: சின்ன நகலுக்கு ஒன்று, பெரியதற்கு ஒன்று, 16 பைட் ரெஜிஸ்டருக்கு ஒன்று, 32-க்கு ஒன்று, 64-க்கு ஒன்று. நிரல் தொடங்கும்போதே எந்தச் செயலி என்று விசாரித்து ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே கம்பைலருக்குத் தெரிந்தது குறைவு. எத்தனை பைட் என்பதுகூடப் பல நேரம் நிரல் ஓடும்போதுதான் தெரியும். கேஷ் வரி (கேஷுக்குள் ஒரே தடவையில் வந்துபோகும் துண்டு) எவ்வளவு நீளம், எவ்வளவு அகலமாக மெமரிக்கு எழுதலாம், முழு வரியையும் எழுதப்போகிறோம் என்பதால் பழையதைப் படிக்காமலே விடலாமா என்பதெல்லாம் வன்பொருளுக்குத்தான் தெரியும். இன்டெக்ஸ் கட்டளையின் நிலைமை இங்கே நேர் தலைகீழ். இன்டெல் 2012-ன் ஐவி பிரிட்ஜில் பழைய கட்டளையை வேகமாக்கியது. ஏ.ஆர்.எம். 2021-ல் தன் 8.8 பதிப்பில் புதிதாகச் சேர்த்தது.

சேர்த்த விதத்தில் வாக்ஸ் காலத்துப் பாடம் தெரிகிறது. ஏ.ஆர்.எம்.மில் அது ஒரு கட்டளை இல்லை, அடுத்தடுத்து எழுதவேண்டிய மூன்று: தொடக்கம், நடு, முடிவு. எந்தப் பங்கை எதில் செய்வது என்பதை ஒவ்வொரு செயலியும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். பாதியில் நின்றால் மீதி எவ்வளவு என்பது ரெஜிஸ்டர்களிலேயே இருக்கும். ஆனால் இன்றைய போனில் பெரிய கோர், சின்ன கோர் (ஒரே சிப்பில் இருக்கும் தனித்தனிச் செயலிகள்) என்று கலந்து இருக்கின்றன. நகலெடுத்துக்கொண்டிருந்த நிரல் நடுவில் இன்னொரு கோருக்கு மாற்றப்பட்டு, அந்தக் கோர் கணக்கு வைக்கும் முறை வேறாக இருந்தால், அது தொடர மறுத்து இயங்குதளத்திடம் முறையிடும். லினக்ஸ் அப்போது ரெஜிஸ்டர்களை மீதி வேலைக்கு ஏற்றபடி திருத்தி, நிரலை மூன்றில் முதலாவதான தொடக்கக் கட்டளைக்கே பின்னால் கொண்டுபோய் விடுகிறது.